மஞ்சளாகாத தண்ணீர்

சோதனைக் குழாயில் விட்ட ஐந்து துளிகளும் கலந்து முடிந்த பிறகும் தண்ணீர் பளிங்குபோலவே நின்றது. மஞ்சள் ஏறவில்லை.

சுந்தரேசன் குழாயைக் கிழக்குப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஏப்ரல் மாதத்துக் காலை, மணி ஆறு. செகந்திராபாத்தை ஒட்டிய திருமுல்கேரியில் இருந்த அந்த நாலு மாடிக் குடியிருப்பின் பின்புறம், கார்கள் நிறுத்தும் இடத்துக்கு அப்பால், இருபதாயிரம் லிட்டர் கொள்ளும் தரைத்தொட்டியின் இரும்பு மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் குந்தியிருந்தார். அரை மணி நேரத்துக்கு முன்புதான் நூறு கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து உள்ளே ஊற்றியிருந்தார். தண்ணீரில் குளோரின் இம்மியளவு மிஞ்சியிருந்தாலும் இந்தத் துளி பட்டதும் எலுமிச்சை நிறம் வரும். நிறம் வராவிட்டால் போட்டதெல்லாம் தீர்ந்துவிட்டது என்று பொருள். நூறு கிராமும் அரை மணியில் தீர்ந்திருந்தது.

துளி மருந்து பழசாகிவிட்டதோ என்று வாசலில் வந்துகொண்டிருந்த மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தார். அழகாக மஞ்சளானது. மருந்தில் குற்றமில்லை.

இந்த விஷயத்தில் சுந்தரேசனை யாரும் ஏமாற்ற முடியாது. முப்பத்தொரு வருஷம் ராணுவக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் வேலை பார்த்தவர். இவர் விட்ட தண்ணீரைக் குடித்து ஒரு சிப்பாய்க்கும் வயிறு கலங்கியதில்லை என்று அவர் ஓய்வுபெற்ற அன்று மேடையில் யாரோ ஒரு தடவை சொன்னார்கள்; அதை அவர் அதற்குப் பிறகு ஆயிரம் தடவை சொல்லிவிட்டார். போன ஆகஸ்டில் குடியிருப்பே வயிற்றுப்போக்கில் படுத்து, இரண்டாவது மாடிக் குழந்தை ஏழு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்தபோது, சங்கத் தலைவர் கிருஷ்ணமூர்த்தி தொட்டிச் சாவியைக் கொண்டுவந்து இவர் கையில் வைத்து, "சார், மீரே சூசுகோண்டி", நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், என்று தெலுங்கில் சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து சுந்தரேசன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தத் தொட்டியைக் காத்துவந்தார்.

காப்பதற்கு இன்னொரு காரணமும் மூன்றாவது மாடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மகள் தாரிணிக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று பத்தாவது வாரத்தில் போனது, மற்றது பதினான்காவது வாரத்தில். மருமகன் ஷ்யாமை அலுவலகம் ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தது. வளைகாப்பு முடிந்துதான் பெண்ணை அழைத்து வர வேண்டும் என்ற வழக்கத்தை மனைவி நீலா மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஐந்தாம் மாதமே மாதாப்பூருக்குப் போய் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். சாப்பாடு நீலாவின் பொறுப்பு, தண்ணீர் சுந்தரேசனின் பொறுப்பு. அப்படி யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் இருநூறு கிராம் போட்டார். மஞ்சளாகவில்லை. அதற்கடுத்த நாள் நானூறு. கோடைக்கு லாரித் தண்ணீர் வாங்குகிறோம், எந்தக் குட்டையில் இறைத்தானோ, இலையும் பாசியும் கலந்திருக்கும், அதைத் தின்றுதான் குளோரின் தீர்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். லாரிக் குழாயிலேயே பிடித்துச் சோதித்தார். அதில் போட்ட குளோரின் நின்றது. தொட்டிக்குள் இறங்கிய பிறகுதான் காணாமல் போனது.

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு கிலோவைத் தொட்டிருந்தார். அந்த நாட்களில்தான் அவர் கரைசல் போகிற விதத்தைக் கவனித்தார். வெள்ளையாக ஊற்றியது தண்ணீரில் நாலாப் பக்கமும் பரவ வேண்டும். பரவவில்லை. ஊற்றிய இடத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு மெலிந்து, கயிறுபோலத் திரிந்து, வெளிச்சம் எட்டாத வடகிழக்கு மூலையைப் பார்த்துப் போனது. மோட்டார் ஓடவில்லை, குழாய் திறந்திருக்கவில்லை, தண்ணீரை இழுக்க அங்கே ஒன்றுமே கிடையாது. மூடியின் விளிம்பில் காதை வைத்தால், எருமை தொட்டியில் வாய் வைத்து உறிஞ்சுவதுபோல, நிதானமான, அவசரமில்லாத ஒரு சத்தம். அவர் தலையை எடுத்ததும் நின்றுவிட்டது.

வாசனையும் மாறியிருந்தது. பிளீச்சிங் பவுடரின் மூக்கைச் சுடும் நெடி போய், ஒரு தித்திப்பு. எங்கேயோ முகர்ந்த தித்திப்பு. இரண்டு நாள் யோசித்த பிறகு பிடிபட்டது. கல்லூரியில் விலங்கியல் கூடத்தில், தவளையைப் போட்டு மூடும் கண்ணாடி ஜாடிக்குள் வைத்த பஞ்சின் வாசனை. அந்தத் தவளை கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பிறாண்டும், பிறகு சாதுவாகிவிடும். அன்று மதியமே ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் பஸ் ஏறி, செகந்திராபாத்தில் ஃபாத்திமா வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தார். ஆம்பூர்க்காரப் பெண், இறைப்பு நிலையத்தின் தண்ணீரை வருஷக்கணக்காகச் சோதித்துக் கொடுத்தவள். ஐந்து நாளாகும் என்றாள்.

அடுத்த நாள் காலை வாளியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தால், பின்னால் தாரிணி நின்றுகொண்டிருந்தாள். நைட்டியின் மேல் துப்பட்டா, கலைந்த தலை, வெறுங்கால். கண்ணை மூடி மூச்சை ஆழ இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இன்னொரு வாளி ஊத்துங்களேன்."

"இங்கெல்லாம் எதுக்கும்மா வர்ற? மேல போ."

"வாசனை நல்லா இருக்குப்பா. ரூம்லயே வந்து எழுப்பிடுச்சு. பேபிகூட உதைக்குது, பாருங்க."

அவள் தொட்டியின் பக்கம் இன்னும் ஓர் அடி வைத்தாள். சுந்தரேசன் அவள் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனார். நீலாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"மாசமா இருக்கறவ. இவளைச் சுமக்கும்போது நான் சாம்பலைத் திருடித் தின்னேனே, மறந்துட்டீங்களா? ஆசைப்பட்டதை இல்லன்னு சொல்லக் கூடாது. வாசனைதானே கேக்கறா, கைக்கு, எதுக்குக் கத்தறீங்க?"

"மூக்கடைப்புன்னு நாலு நாளா சிந்திக்கிட்டிருக்கா. இதுல வெறுங்கால்ல வேற."

"அப்ப ஆவி பிடிக்கச் சொல்லுங்க."

சொன்னார். அவரேதான் சொன்னார். மாத்திரை வேண்டாம், ஆவி பிடி, காலையிலும் மாலையிலும் பிடி என்று வாயால் சொல்லி, பரணிலிருந்து அகலமான குண்டானையும் இறக்கிக் கொடுத்தார்.

தொட்டியை இறைத்துக் கழுவிவிடுவது என்று அவர் முடிவு செய்தது அந்த வாரம்தான். அடியில் ஏதோ செத்துக் கிடக்கிறது. எடுத்துப் போட்டால் தீர்ந்தது. எல்லா வீட்டுக்கும் அறிவிப்பு எழுதிப் படிக்கட்டில் ஒட்டினார்: நாளை தொட்டி சுத்தம், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வராது, வேண்டியதைப் பிடித்துவைத்துக்கொள்ளவும். தண்ணீர் வராது என்று கேட்டால் நம் வீடுகளில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. நீலா டிரம், பக்கெட், குடம், இட்லிப் பானை, குக்கர், கடைசியில் பூஜைச் செம்பு வரைக்கும் தளும்பத் தளும்பப் பிடித்து வைத்தாள். தொட்டியில் இருந்ததின் அடி மண்டி வரை மாடி ஏறிவிட்டது.

காலையில் இரண்டு பேர் இறங்கிக் கழுவினார்கள். சுந்தரேசன் மேலே நின்று டார்ச் அடித்தார். இலை இல்லை. வேர் இல்லை. செத்த எலி இல்லை, பாசி இல்லை, தொட்டிகளில் எப்போதும் கிடக்கும் கரப்பான்கூடக் கிடையாது. நாலு சுவரும் தேய்த்து வைத்ததுபோல வெளுத்திருந்தன. வடகிழக்கு மூலையில் மட்டும் சிமெண்ட் தேய்ந்து வழவழப்பாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒரு கைக்குழந்தை சுருண்டு படுக்கிற அளவுதான் இருக்கும். உள்ளே நின்ற ஒருவன் அதில் கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துவிட்டான். அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது, இப்போதுதான் யாரோ எழுந்து போனமாதிரி, என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, மேற்கொண்டு கூலி பேசாமல் ஏறி வந்துவிட்டான்.

மதியம் புதுத் தண்ணீர் வந்து நிரம்பியது. நூறு கிராம் போட்டு, அரை மணி பொறுத்து, ஐந்து துளி விட்டார். பளிச்சென்று மஞ்சள்.

சுந்தரேசனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. முப்பத்தைந்து நாளாக மார்பின் மேல் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. குழாயைக் கழுவிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. ஃபாத்திமா.

"சார், அந்த சாம்பிளை எங்க எடுத்தீங்க?"

"எங்க தொட்டிதான்மா. கிருமி இருக்கா?"

"ஒரு கிருமிகூட இல்ல சார். ஆனா குளோரோஃபார்ம் இருக்கு. அனுமதிச்ச அளவுக்கு ஒன்பது மடங்கு. அந்த வகையறா மத்ததும் இருக்கு. நான் மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டேன்."

"நான் வெறும் பிளீச்சிங் பவுடர்தானே போட்டேன். ஒரு கிலோ."

"அதுலதான் சார் உண்டாகுது. தண்ணியில மக்கினது, செத்தது ஏதாவது இருந்து, குளோரின் அதுமேல பட்டா இதா மாறும். நீங்க போடப்போட அது தின்னுக்கிட்டே இருக்கும், இது ஏறிக்கிட்டே இருக்கும்."

"குடிச்சா என்ன ஆகும்?"

"ரெண்டு நாள் குடிச்சா ஒண்ணும் தெரியாது சார். வருஷக்கணக்கா குடிச்சா மூத்திரப் பையில கேன்சர் வரலாங்கறாங்க. கர்ப்பமா இருக்கறவங்களுக்குத்தான்... அதுல இன்னும் முடிவா சொல்லல. சில ஆராய்ச்சி பாதிப்பு இருக்குங்குது, சிலது இல்லங்குது. ஆனா சார், வாயில போறது மட்டும் கணக்கில்ல. இது லேசுல ஆவியாயிடும். பாத்ரூம் கதவைச் சாத்திட்டு வெந்நீர்ல குளிச்சா மூச்சுல போகும், தோல்ல போகும். யாரும் ஆவிகீவி பிடிக்கலையே?"

அவர் மூன்றாவது மாடிச் சன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"நான் குளோரினை நிறுத்திடறேன்மா."

"ஐயோ, நிறுத்திடாதீங்க சார். நிறுத்தினா போன வருஷம் மாதிரி குழந்தைங்க படுத்துடும். தொட்டியில இருக்கறதை எடுத்துட்டு, அளவா போடுங்க."

"தொட்டியை இன்னைக்குத்தான் கழுவினேன். உள்ள ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லன்னா," என்றாள் ஃபாத்திமா, "ஒரு கிலோ பவுடரைத் தின்னது எது சார்?"

அவர் படியேறினார். அறுபத்தொரு வயதில் மூன்று மாடியை அப்படி ஏறக் கூடாது. வீட்டுக்குள் நுழைந்ததுமே அந்தத் தித்திப்பு முகத்தில் அடித்தது. ஏசிக்காகச் சன்னல்கள் சாத்தியிருந்தன. படுக்கையறையில், கட்டிலுக்குக் கீழே தரையில், பூப்போட்ட போர்வை ஒரு கூடாரமாக நின்றது. அதன் ஓரங்களில் ஆவி கசிந்து வெளியே வந்து, மேலே போகாமல், திரும்பவும் போர்வைக்கு அடியிலேயே நுழைந்துகொண்டிருந்தது.

போர்வையைப் பிடித்து இழுத்தார்.

தாரிணி நிமிர்ந்து பார்த்தாள். முகம் சிவந்து, வேர்வை சொட்டி, கண்மணி இரண்டும் விரிந்து கிடந்தன. சிரித்துக்கொண்டிருந்தாள். "மூக்கடைப்பு எப்பவோ போயிடுச்சுப்பா," என்றாள். "நாந்தான் விடல."

அவர் வெறி பிடித்தவர்போல வீட்டில் இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டினார். குடம், குக்கர், இட்லிப் பானை. நீலா என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்தாள். குளியலறையில் ஆளுயர டிரம் காலியாக இருந்தது. காலையில் அது நிறைந்திருந்ததை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

"மூணு தடவை குளிச்சா," என்றாள் நீலா. "உடம்பு எரியுதாம். மாசமா இருந்தா சூடுதானே."

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது. தொட்டியில் நூறு கிராம் போட்டால் மஞ்சள் நின்றது. ஃபாத்திமாவின் இரண்டாவது அறிக்கையில் எல்லாம் அளவுக்குள் இருந்தது. வீட்டுக் குழாயில் மஞ்சள். குளியலறையில் மஞ்சள். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது, பனிக்குட நீர்தான் கொஞ்சம் அதிகம், சர்க்கரை இல்லை, பத்து நாள் கழித்துப் பார்ப்போம் என்றார். நீலா அந்தக் கறுப்புப் படத்தைச் சாமி மாடத்தில் வைத்தாள். படத்தில் குழந்தை ஒரு மூலையில் சுருண்டு படுத்திருந்தது.

சுந்தரேசன் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கிப் போட்டார். தாரிணி ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்துவிட்டாள்.

"இது செத்த தண்ணிப்பா. நக்கோ, வேணாம்."

குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குடித்தாள். பாதி குடித்து மேசையில் வைத்த தம்ளரை, அவள் அந்தப் பக்கம் போனதும் அவர் எடுத்து, பெட்டியைத் திறந்து, ஐந்து துளி விட்டார். நிறம் வரவில்லை. அதே குழாயில் புதிதாகப் பிடித்துவிட்டார். மஞ்சள். எச்சில் பட்டால் குளோரின் கொஞ்சம் குறையும்தான். அது அவருக்குத் தெரியாததா? ஆனாலும் அன்று மாலை அவள் குளிக்கப் போகுமுன் பக்கெட்டில் சோதித்தார். மஞ்சள். அவள் உள்ளே போய், விரலை மட்டும் பக்கெட்டில் விட்டுச் சூடு பார்த்துவிட்டு, துண்டு எடுக்க வெளியே வந்த இடைவெளியில் மறுபடியும் சோதித்தார்.

நிறமில்லை. இருபது லிட்டர். ஒரு விரல்.

அவர் யாரிடம் சொல்வார்? நீலாவிடம் சொன்னால், ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்தவள் முன்னால் என்ன பேச்சு இது என்பாள். டாக்டரிடம் என்ன சொல்வது? என் பேரனுக்குக் குளோரின் தேவைப்படுகிறது என்றா? கோயிலுக்குப் போய் நின்றார்; தீர்த்தம் கொடுத்த கையைப் பார்த்தார்; குடிக்காமல் தலையில் தடவிக்கொண்டு வந்துவிட்டார். வயசான காலத்தில் புத்தி பிசகுகிறது என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். அது உண்மையாக இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் ஆசைப்பட்டார்.

ஒன்று மட்டும் செய்ய முடிந்தது. தொட்டிப் பக்கம் அவளை வரவிடாமல், பவுடர் போடும் வேலையை வாட்ச்மேனிடம் ஒப்படைத்தார். மிஞ்சிய மூட்டையைத் தன் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். வீட்டுக் குழாயை அடைத்துவிட்டு, குளிப்பதற்கும் கேன் தண்ணீரையே வரவழைத்தார். குளோரின் வாடையே இல்லாத வீடு. பட்டினி போட்டால் போய்விடும் என்று நினைத்தார். எது போய்விடும் என்று மனசுக்குள்கூட அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் நாள் தாரிணி அழுதாள். இரண்டாம் நாள் பீரோவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தாள். மூன்றாம் நாள் எதுவும் கேட்கவில்லை, சாப்பிடவும் இல்லை. உதடு வெடித்திருந்தது. நான்காம் நாள் மதியம், வெளியே மே மாத வெயில் சிமெண்டுத் தரையை வெள்ளையாகக் காய்ச்சிக்கொண்டிருக்க, நீலா படுக்கையறை வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னங்க. காலையிலேருந்து அசையலையாம்."

சுந்தரேசன் எழுந்தார்.

"சர்க்கரைத் தண்ணி குடுத்தேன். இடது பக்கமா படுக்க வச்சேன். ஒரு மணி நேரமா கையை வச்சுப் பாக்கறேன். கல்லாட்டம் இருக்கு."

அவர் போய்ப் பார்த்தார். மகள் மல்லாந்து கிடந்தாள். வயிறு மேடாக, ஆடாமல் நின்றது. அவர் உள்ளங்கையை வைத்தார். சில்லென்றிருந்தது. பத்தாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி ஞாபகம் வந்தது. அதே நாற்காலி. மூன்றாவது தடவை. இந்தத் தடவை தன் கையால்.

டாக்டரம்மா போனில், உடனே கொண்டுவாருங்கள் என்றார். நீலா கார் புக் செய்தாள். ஐந்து நிமிஷம் என்று காட்டியது. அவள் பையில் துணியைத் திணித்தாள், விழுந்தது, மறுபடி திணித்தாள்.

"அப்பா," என்றாள் தாரிணி. கண்ணைத் திறக்கவில்லை. "பீரோவைத் திறங்கப்பா."

"கார் வந்துடும்மா. தோ வந்துடும்."

"அதுக்குள்ள செத்துடும்ப்பா."

நீலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்காமல், அவள் சொன்னாள்: "அவ கேக்கறதைக் குடுங்க. ஹவ், ஆமா, குடுத்துடுங்க. என்னவா இருந்தா என்ன?"

பீரோவைத் திறந்தார். மூட்டையை அவிழ்த்தார். அடுக்களையிலிருந்து கண்ணாடி மக்கை எடுத்துவந்து, கேன் தண்ணீர் பிடித்து, இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினார். பால்போல வெளுத்தது. நெடி மூக்கைச் சுட்டது. குடிக்கக் கொடுக்க மாட்டேன். தலைகீழாக நின்றாலும் கொடுக்க மாட்டேன். வாசனை மட்டும்தான். கட்டிலின் இடது பக்கம், சன்னல் திண்டின் மேல், அவள் கைக்கு எட்டாத தூரத்தில் மக்கை வைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மின்விசிறி சுற்றியது. நீலா விம்மினாள்.

பிறகு வயிறு அசைந்தது.

உதை இல்லை அது. உதை என்றால் ஒரு துள்ளல் இருக்கும். இது மெதுவாக, நிதானமாக, மொத்தமாகத் திரும்பியது. நைட்டியின் அடியில் அந்த மேடு நடுவிலிருந்து இடது பக்கம் நகர்ந்தது. சன்னலைப் பார்த்து. சாய்ந்து நின்றது.

"ஐயோ சாமி," என்று நீலா அழுதுகொண்டே சிரித்தாள். "அசையுது. அசையுதுங்க. உசுரோட இருக்கு."

சுந்தரேசன் மக்கை எடுத்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் ஸ்டூலின் மேல் வைத்தார்.

மேடு நின்றது. தேடியது. வலது பக்கம் வந்தது.

இடது பக்கம் கொண்டுபோனார்.

இடது பக்கம் வந்தது. இந்தத் தடவை சீக்கிரமாக.

அந்தச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத, நிதானமான உறிஞ்சல். தொட்டி மூடியின் விளிம்பில் காதை வைத்துக் கேட்ட அதே சத்தம். இப்போது காதை எங்கும் வைக்கத் தேவைப்படவில்லை. தாரிணியின் முகத்தில் ரத்தம் ஏறியது. வெடித்த உதடு மெல்ல விரிந்தது. தூக்கத்தில் சிரிப்பவள்போலச் சிரித்தாள்.

சன்னல் திண்டில், மதிய வெயிலில், யாரும் தொடாத மக்கில் இருந்த வெள்ளை மேலிருந்து கீழாகக் குறைந்துகொண்டே வந்தது. பாதி. கால். பிறகு வண்டல்கூட இல்லை. அதன் வழியாகப் பார்த்தால் பின்புறத்துத் தொட்டி மூடி தெளிவாகத் தெரிந்தது.

அவர் பெட்டியைத் திறந்தார். ஐந்து துளி. பளிங்கு.

கீழே கார் வந்து ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. நீலா பையைக் கீழே வைத்துவிட்டு, மகளின் வயிற்றை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தாள். "பசிச்சிருக்கு பாவம்," என்றாள். "பச்சப் புள்ளையைப் போயி பட்டினி போட்டிருக்கோம்."

வயிறு அசைவதை நிறுத்தியது. இடது பக்கம் சாய்ந்தபடியே காத்திருந்தது.

பிரசவத்துக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது. சுந்தரேசன் மூட்டைக்குள் கையை விட்டு, இந்தத் தடவை நாலு கரண்டி அள்ளினார்.